முன்கூட்டியே சொன்ன ஸ்தோத்திரம்

ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் மனோகரனுக்கு நல்ல கை. இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தை எடுத்து ராவ ஆரம்பித்தாரென்றால் அளவு மயிரிழைகூடத் தவறாது. பக்கத்து பெஞ்சுக்காரர்கள் தங்கள் வேலையையும் நைசாக அவர் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான். யாரும் பக்கத்தில் நின்று பார்க்கக் கூடாது. பார்த்தால் போச்சு, கை உதற ஆரம்பித்துவிடும்.

இந்த வியாதி நேற்று வந்ததல்ல. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் எட்டு வயதில் கிறிஸ்மஸ் நாடகத்தில் மேய்ப்பன் வேஷம் கொடுத்தார்கள். பேச வேண்டியது ஒரே ஒரு வரி. மேடையேறியதும் அதை மறந்துவிட்டு, பக்கத்தில் ஆட்டுக்குட்டியாக உட்கார்ந்திருந்தவன் சொல்ல வேண்டிய ‘மே’யைச் சொல்லிவிட்டு இறங்கினார். கல்யாணத்தின்போது போதகர் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே “சம்மதம்” என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு எவ்வளவு அவசரம் என்று கோயிலே சிரித்தது. அவசரமெல்லாம் ஒன்றுமில்லை, பயம். இந்தக் கதையையெல்லாம் வெளியாள் யாரும் பரப்பவில்லை. புதிதாகக் குவார்ட்டர்ஸுக்குக் குடி வருகிறவர்களிடம் அவரே சொல்லிச் சிரிப்பார். தன்னைக் கேலி செய்ய மனோகரனுக்கு இரண்டாவது ஆள் தேவைப்பட்டதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அவரால் கேலி செய்ய முடியவில்லை. அது ட்ரேடு டெஸ்ட்.

மேல் கிரேடுக்குப் போக வேண்டுமானால் பரீட்சை அதிகாரியின் முன்னால் நின்று, குறித்த நேரத்துக்குள் ஒரு வேலையை முடித்துக் காட்ட வேண்டும். மனோகரனிடம் வேலை கற்றுக்கொண்டவர்களெல்லாம் அதைத் தாண்டி மேலே போய்விட்டார்கள். அவர் இரண்டு முறை எழுந்து நின்று இரண்டு முறையும் கோட்டை விட்டார். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம். இந்த மூன்றாவது டெஸ்ட்தான் கடைசி.

வெறுமனே தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத் தோற்றவர். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மனோகரனும் அவர் மனைவி சுதாவும் திருமுல்லைவாயலில் ஒரு சபைக்குப் போகிறார்கள். தகரக் கூரை, எட்டு ஃபேன், அதில் ஐந்து சுற்றும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். ஆண்டவர் அந்த வாரம் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து மைக்கில் சொல்லலாம். காய்ச்சல் விட்டது, வேலை கிடைத்தது, காணாமல் போன ரேஷன் கார்டு அரிசி டப்பாவில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் சபை “ஸ்தோத்திரம்” என்று நன்றி சொல்லும். முகப்பேர் ஃபிளாட்டிலிருந்து வரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் பிரசன்னா கீபோர்டில் ஒரு சந்தோஷத் தட்டுத் தட்டுவார். இதில் இன்னொரு வகை சாட்சியும் உண்டு. நடக்கப் போகிற நன்மைக்கு முன்கூட்டியே நன்றி சொல்வது. கிடைத்துவிட்டது என்று நம்பி வாயால் அறிக்கை செய்தால் கிடைக்கும் என்பது கணக்கு. நடந்ததற்கு நன்றி சொல்கிறவர்களைவிட நடக்காததற்கு நன்றி சொல்கிறவர்களுக்கு அந்தச் சபையில் ஒரு படி மதிப்பு அதிகம்.

மனோகரன் முதல் டெஸ்டுக்கு முன்பு அப்படி எழுந்து நன்றி சொன்னார். ஃபெயில். அடுத்த ஞாயிறு வயிற்றுப்போக்கு என்று வீட்டிலேயே இருந்துகொண்டார். தன் விசுவாசத்தில் எங்கே ஓட்டை என்று மூன்று வருஷம் யோசித்து, சத்தம் போதவில்லை என்ற முடிவுக்கு வந்தார். இரண்டாவது டெஸ்டுக்கு முன்பு மைக் கொய்யென்று கத்தும் அளவுக்கு நன்றி சொன்னார். அதுவும் ஃபெயில். அந்த முறை வயிற்றுப்போக்கு எடுபடாது என்பதால் சபைக்குப் போய், “ஆண்டவர் இதைவிடப் பெரிய திட்டம் வைத்திருக்கிறார்” என்று மென்று விழுங்கினார். அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பிரசன்னா அதற்கும் ஒரு தட்டுத் தட்டினார்.

ஆகவே மூன்றாவது முறை பட்டியலில் பேர் வந்ததும் மனோகரன் ஒரு தீர்மானம் எடுத்தார். வாயைத் திறப்பதில்லை. யாரிடமும் சொல்வதில்லை. போனோமா, ராவினோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும்.

இந்தத் தீர்மானம் செவ்வாய்க்கிழமை எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை வரை நன்றாகத்தான் இருந்தது. அன்று பாடியிலிருந்து வரும் வேம்புலியம்மாள் சாட்சி சொன்னார். அறுபது வயதுக்காரர், ஒரு பழைய ஃபேக்டரி வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கிறார். மகன் குடியை விட்டுவிட்டான் என்று அழுதுகொண்டே சொன்னார். சபை குலுங்கியது. மைக் கைமாறிக் கைமாறி மனோகரன் வரிசைக்கு வந்தது. அவர் அதை அடுத்தவரிடம் கொடுக்கத்தான் வாங்கினார். அடுத்தவர் கை நீட்டுவதற்குள் மைக் அவர் வாய்க்கு வந்துவிட்டது.

“வியாழக்கிழமை எனக்கு டெஸ்ட். ஆண்டவர் ஏற்கெனவே பாஸ் போட்டுட்டாரு. வெள்ளிக்கிழமை ரிசல்ட். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க குவார்ட்டர்ஸ்ல ஸ்தோத்திரக் கூட்டம். எல்லாரும் குடும்பமா வரணும். சாப்பாடு இருக்கு.”

சபையே எழுந்து கைதட்டியது. ரிசல்ட் வருவதற்கு முன்பே ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு நாள் குறித்த ஆள் அந்தச் சபை வரலாற்றில் அதுவரை கிடையாது. பாஸ்டர் கண் கலங்கி அவரைக் கட்டிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவில் சுதா பர்ஸைத் திறந்து நோட்டுகளை எண்ணினார். பிறகு கேட்டார்.

“ரிசல்ட் வந்தப்புறம் கூப்பிட்டா என்னங்க?”

“அப்ப அது விசுவாசம் ஆகாது சுதா.”

“சரி. சாம்பார் சாதமா, பிரியாணியா?”

மனோகரன் “பிரியாணி” என்றார். இவ்வளவு தூரம் நம்பிவிட்டு சாம்பார் சாதத்தில் நிறுத்துவது அவருக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது.

திங்கட்கிழமை இந்தச் செய்தி தொழிற்சாலைக்கும் வந்துவிட்டது. பக்கத்து பெஞ்ச் பூபாலன் கரையான்சாவடியிலிருந்து பைக்கில் வருகிறவன். அவனும் அதே டெஸ்டுக்குப் போகிறான். சாமி விஷயத்தில் அவன் எல்லா ஊர்த் திருவிழாவுக்கும் பொதுவான ஆள்.

“இன்னா அண்ணாத்தே, ரிசல்ட்டுக்கு முன்னாடியே பிரியாணியா? எனுக்கும் உண்டா?”

“நீயும் வா” என்றார் மனோகரன். ஒருவரைக் கூடுதலாக அழைத்தால் விசுவாசம் கொஞ்சம் கெட்டிப்படும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

இரவில் படுத்த பிறகுதான் பயம் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது. கிரேடு போனால் போகட்டும். அறுபது பேர் முன்னால் ஆண்டவர் பாஸ் போட்டுவிட்டார் என்று சொல்லியாகிவிட்டது. ஃபெயிலானால் பொய் சொன்னது யார்? அவரா, ஆண்டவரா? தான்தான் என்று ஒப்புக்கொள்ள மனோகரனுக்கு ஆட்சேபணை இல்லை, பழகிய விஷயம்தான். ஆனால் அப்படியென்றால் இத்தனை வருஷம் தான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தது என்ன? வெறும் வாய்தானா? அந்த இடத்துக்கு வந்ததும் அவர் அவசரமாகப் புரண்டு படுத்து, “நன்றி ஆண்டவரே” என்று சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை வந்தது. கொடுத்த வேலை சாதாரணம். ஒரு தகட்டில் சதுரத் துளை வெட்ட வேண்டும், அதில் சரியாக உட்காரும்படி ஒரு சதுரத் துண்டை ராவிச் செய்ய வேண்டும். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் உட்கார வேண்டும். ஆறு மணி நேரம். மற்ற நாளாக இருந்தால் மனோகரன் இதை நாலு மணி நேரத்தில் முடித்துவிட்டு வெற்றிலை போடப் போயிருப்பார்.

முதல் ஒரு மணி நேரம் கை நன்றாகவே ஓடியது. பிறகு பரீட்சை அதிகாரி வந்து பின்னால் நின்றார். பாவம், அந்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. மூக்கால் மூச்சு விட்டார், அவ்வளவுதான். மனோகரனுக்கு அரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓரம் சரிந்துவிட்டதை அவர் கண்ணால் பார்த்தார். அந்த நேரத்தில் ஒரு மனிதன், காப்பாத்தும் ஆண்டவரே என்று கத்தியிருக்க வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது? பாஸ் ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்றல்லவா அறிக்கை செய்திருக்கிறார். இப்போது உதவி கேட்டால் இன்னும் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? ஆகவே அவர் “நன்றி, நன்றி” என்று முணுமுணுத்தபடியே ராவினார். சரிந்த ஓரத்தைச் சரிசெய்ய அடுத்த ஓரம், அதைச் சரிசெய்ய அதற்கடுத்த ஓரம். ஒவ்வொரு நன்றிக்கும் துண்டு இளைத்துக்கொண்டே போனது.

கடைசியில் அதிகாரி துண்டைத் துளையில் பொருத்தி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். நல்ல வேலையென்றால் இடுக்கில் வெளிச்சம் தெரியாது. மனோகரன் செய்ததில் வெளிச்சம் மட்டுமல்ல, அந்தப் பக்கம் அதிகாரியின் மீசையும் தெரிந்தது. அவர் திருப்பிப் போடப் பார்த்தார். துண்டு தானாகவே நழுவி மேஜையில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை நோட்டீஸ் போர்டைப் பார்க்க மனோகரன் போகவில்லை. மீசையைப் பார்த்தவருக்கு போர்டு எதற்கு?

“ஃபெயில்” என்றார் சுதாவிடம்.

சுதா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. “தெரியும்” என்றார்.

“கூட்டத்த நிறுத்திடலாமா? எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டா...”

“அறுபது பேருக்குச் சொல்லியாச்சு. கோழிக்குச் சொல்லியாச்சு. உங்க வயித்துப்போக்க நம்ப இனி இந்த ஆவடியில ஆள் கெடையாது.”

“அப்ப என்ன செய்ய?”

“நடந்ததச் சொல்லுங்க. கொன்னா போடுவாங்க?”

சுதாவுக்கு அது லேசு. மேடை ஏறி ‘மே’ சொன்னவர் அவரல்லவே.

சனிக்கிழமை மதியம் குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தல் போட்டார்கள். நாற்காலி வந்தது. மூன்று மணிக்கு சுதா, “புதினா பத்தல, ரெண்டு கட்டு வாங்கிட்டு வாங்க” என்று அனுப்பினார். மனோகரன் மார்க்கெட்டுக்குப் போய்ப் புதினா வாங்கினார். திரும்பி நடந்தார். பஸ் ஸ்டாண்டைத் தாண்ட வேண்டும். அங்கே பூந்தமல்லி பஸ் புறப்படத் தயாராக நின்றது. கால் அதில் ஏறிவிட்டது. போன ஞாயிறு மைக் வாய்க்கு வந்த அதே மாதிரிதான்.

ஜன்னலோரம் உட்கார்ந்தபின் ஒரு திட்டம் தானாக உருவானது. பைபாஸுக்குப் போய் வேலூர் பஸ் பிடிப்பது. வேலூரில் சித்தி மகன் இருக்கிறார். இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தால் எல்லோரும் மறந்துவிடுவார்கள். கரையான்சாவடி வந்ததும் இறங்கிச் சட்டைப் பையைப் பார்த்தார். அறுபது ரூபாய் இருந்தது. வேலூர் வேண்டாம், ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போகலாம். ஸ்ரீபெரும்புதூரில் யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. ஐம்பத்தேழு வயதில், கடைத்தெரு நெரிசலில், கையில் இரண்டு கட்டுப் புதினாவோடு ஒரு மனிதன் தன் வீட்டுப் பிரியாணிக்குப் பயந்து ஓடிக்கொண்டிருக்கிறான். வேறு யாராவது இப்படி நின்றிருந்தால் மனோகரன் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். இப்போது அழுகை வந்தது. ஒரு செல்போன் கடை வாசலில், ஜனம் இடித்துக்கொண்டு போக, நின்று அழுதார்.

“ஆண்டவரே, பயமா இருக்கு” என்றார். சத்தமில்லை. “எனக்கு ஒண்ணும் கெடைக்கல. நான் ஃபெயிலு. வீட்டுக்குப் போகவும் தைரியம் இல்ல. காப்பாத்தும்.”

முப்பது வருஷத்தில் நன்றி என்ற வார்த்தை இல்லாமல் அவர் செய்த முதல் ஜெபம் அது. முடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் புதினாவைப் பார்த்தார். வாட ஆரம்பித்திருந்தது.

பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. விலகி நின்றார். மறுபடியும் அடித்தது.

“இன்னா அண்ணாத்தே, புதினாவுக்கு இம்மாந்தூரமா வந்த?”

பூபாலன். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் எண்ணெய், பைக்கின் முன்னால் பழம் நிறைந்த பை. விருந்துக்குக் கிளம்பிவிட்டான்.

“கூட்டத்துக்கா வர?” என்று கேட்டார் மனோகரன்.

“பின்ன? நீதான கூப்ட்ட.”

“பூபாலா, நான் ஃபெயிலு.”

“தெரியும். லிஸ்ட்ட பாத்தேன்.” அவன் கொஞ்சம் தயங்கினான். “நான் பாஸு.”

“நல்லது” என்றார் மனோகரன். மனதாரத்தான் சொன்னார், ஆனால் புதினாவைப் பார்த்துச் சொன்னார். “ஃபெயிலுன்னு தெரிஞ்சுமா வர?”

“பாஸானாத்தான் சோறுன்னு நீ சொல்லலியே. ஏறு. அண்ணி தேடிக்கினு இருப்பாங்கோ.”

மனோகரன் ஏறினார். பரலோகத்திலிருந்து உதவி வருமென்றால் அதற்கு ஒரு வெளிச்சமாவது இருக்கும் என்று அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார். சைலன்ஸர் உடைந்த பைக்கில் வரும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. ஆனால் கேட்டு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இதை அவரால் எப்படியும் மறுக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் பாட்டு ஆரம்பமாகிவிட்டது. சுதா அவரைப் பார்த்தார், புதினாவைப் பார்த்தார், பூபாலனைப் பார்த்தார். புதினாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பாஸ்டர் மைக்கை நீட்டி, “நம்ம பிரதர் இப்ப ஆண்டவர் செஞ்ச நன்மையைச் சொல்லுவாரு” என்றார்.

மைக் பல்லில் இடித்தது.

“நான் ஃபெயில் ஆயிட்டேன்” என்றார் மனோகரன்.

பிரசன்னாவின் விரல் பழக்கதோஷத்தில் கீபோர்டில் சந்தோஷத் தட்டைத் தட்டிவிட்டது. அப்புறம் அவர் விரலை மடக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. இப்படி ஒரு சாட்சிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பாஸ்டரின் முகத்தில் பெரிய திட்டம் என்ற வார்த்தை தயாராக நின்றது. மனோகரன் அதற்கு முன்பே பேசினார்.

“ஆண்டவர் பாஸ் போட்டுட்டாருன்னு நான் சொன்னேன். அவரு அப்படிச் சொல்லல. நானாச் சொன்னது. பயத்துல சொன்னது. இன்னிக்கும் பயந்து ஓடிட்டேன். கரையான்சாவடி வரைக்கும் ஓடிட்டேன். அங்க நின்னு காப்பாத்தும்னு கேட்டேன். ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வந்துட்டாரு. நடந்தது இவ்வளவுதான். இதுக்குத்தான் நன்றி சொல்லணும். சாப்பாடு ரெடியா இருக்கு.”

உட்கார்ந்தார். கடைசி வரிசையில் பூபாலன், அந்த அனுப்பப்பட்ட ஆள் தான்தான் என்று புரியாமல், வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

அப்போது வேம்புலியம்மாள் எழுந்தார். மைக்குக்காக அவர் காத்திருக்கவில்லை.

“எம் புள்ள குடிய வுட்டுட்டான்னு சொன்னேன் இல்ல” என்றார். “அவன் வுடல. அன்னிக்குக் காலீலயும் குடிச்சிட்டுத்தான் வியுந்து கெடந்தான். சொன்னா நடந்துடும்னு சொன்னேன். ஒரு வாரமா ஊட்டுக்குப் போவவே பயமா கீது. எனுக்கு யாருனா ஜெபம் பண்ணுங்கோ.”

பாஸ்டர் திரும்பி மனோகரனைப் பார்த்தார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. எல்லோரும் பார்த்தார்கள். அறுபது பேர் பார்க்க, மனோகரன் எழுந்து போய் அந்த அம்மாளின் பக்கத்தில் நின்றார். ஆண்டவர் விடுதலை கொடுத்துவிட்டார் என்று ஆரம்பிக்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

“ஆண்டவரே, இந்த அம்மாவால முடியல. இவங்க மகனாலயும் முடியல. காப்பாத்தும்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஆமென் சொன்னார்.

வேம்புலியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வுட்டுடுவானா நைனா?”

“தெரியலம்மா.”

அவர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. “சோறு துன்னாம கெடப்பான். இப்ப நான் போவணும். எப்பிடிக் கீறானோ, நெனச்சாலே நெஞ்சு அடிச்சிக்கிது.”

மனோகரன் உள்ளே போய் ஒரு தூக்குவாளியில் பிரியாணி போட்டு வாங்கி வந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த அம்மாளைப் பார்த்தார்.

“எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. வாங்க, போலாம்.”